எச்சரிக்கை வந்தபின் எழுந்து போகிறவர் யார்? நெல்லை வட்டாரக் காவல் பணிக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவரும் முறை

கங்கைகொண்டான் பக்கம் ஒரு கிடங்குக்குப் புதிதாகச் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் பொருத்தப்பட்ட முதல் வாரத்தில், ஒரே இரவில் நாற்பதுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் காவலரின் கைப்பேசிக்கு வந்தன. அந்தப் பகுதியில் புள்ளிமான் சரணாலயம் இருப்பது ஊரறிந்தது. வேலியோரம் மேய வந்த மான்களையும், காற்றில் ஆடிய சீமை உடை மரக்கிளைகளையும் ஆளென்று எண்ணிக் கருவி அலறியது. மூன்றாம் நாள் காவலர் கைப்பேசியின் ஒலியை நிறுத்தி வைத்துவிட்டார். நான்காம் இரவு உண்மையாகவே ஒருவர் வேலி தாண்டி வந்து செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கிச் சென்றார். கருவி அதையும் சரியாகக் கண்டு எச்சரித்திருந்தது. அதைப் பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

பாளையங்கோட்டையை இருப்பிடமாக வைத்துக்கொண்டு அரிசி ஆலைகள், திருமண மண்டபங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், கல்லூரி விடுதிகள், கிடங்குகள் ஆகியவற்றுக்குக் காவலர்களை அனுப்பும் தொழிலில் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். இவ்வளவு செலவு செய்தும் இது எப்படி நடந்தது என்று அந்தக் கிடங்கின் உரிமையாளர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை, சிறிய பாதுகாப்பு நிறுவனம் நடத்துவோருக்கும் சூப்பர்வைசர்களுக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் பயன்படும்படி விரித்து எழுதுகிறேன்.

இந்த மண்ணில் காவல் பழைய தொழில். 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனி பாளையக்காரர்களை ஒடுக்கித் தன் ஆட்சியை நிலைநிறுத்துவதற்கு முன்பு, திருநெல்வேலிச் சீமையின் ஊர்கள் காவற்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கோ பணமோ கொடுத்து வந்தன. களவு போன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. அதன் பெயரால் எளியவர்கள் மிரட்டப்பட்டதும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காவலை ஏற்றவர் பதில் சொல்ல வேண்டும் என்ற அதன் உட்கரு இன்றும் நமக்கு வேண்டும். கேமரா பதில் சொல்லாது. மென்பொருளை விற்றவரும் பெரும்பாலும் சொல்லமாட்டார். ஆகவே எந்தக் கருவியை வாங்குவதாக இருந்தாலும், அது எழுப்பும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பதில் சொல்லும் ஒரு மனிதரை முன்கூட்டியே குறித்து வைப்பதுதான் முதல் வேலை.

கேமராவுக்கு முன் ஒரு தாள்

விற்பனையாளரை அழைப்பதற்கு முன், அந்த இடத்தில் இரவுப் பணி பார்க்கும் காவலருடன் இரண்டு மணிக்கு மேல் ஒரு முறை சுற்றுச்சுவரை முழுதும் நடந்து பாருங்கள். பகலில் நடந்தால் பாதிதான் தெரியும். எந்த மூலையில் விளக்கு எரிவதில்லை, எந்த இடத்தில் சுவருக்கு வெளியே மண் மேடாகி ஏற வசதியாக இருக்கிறது, எந்தப் பின்வாசல் எப்போதும் தாழ்ப்பாள் சரியாக விழாமல் கிடக்கிறது என்பதெல்லாம் அங்கே பணி பார்ப்பவருக்கு மனப்பாடமாகத் தெரியும். அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

நடந்து முடிந்ததும் ஒவ்வொரு இடத்துக்கும் தாளில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: இங்கே நடக்கக்கூடியது என்ன, நடந்தால் யார் போவார், அவர் இருக்கும் இடத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவார், அவர் தனியாகப் போகக்கூடாத சூழல் என்றால் யாரை அழைப்பார். காவல்துறைக்கு 112 என்ற எண் இருக்கிறது என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தக் கட்டத்தில் அந்த எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். இந்தத் தாளில் 'யார் போவார்' என்ற இடம் வெற்றாக இருக்குமானால், அந்த மூலைக்குக் கேமரா போடுவது வீண் செலவு. அங்கே சுவரை உயர்த்துங்கள், விளக்குப் போடுங்கள், பூட்டை மாற்றுங்கள். அவை மலிவானவை, இரவெல்லாம் வேலை செய்பவை.

காவலர்கள் நால்வரை ஒருவராகக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கருவியிடம் விட்டுவிடலாம் என்ற கணக்கோடு சிலர் வருகிறார்கள். கருவி கண்ணுக்குத்தான் மாற்றாக முடியும், காலுக்கு மாற்றாக முடியாது. நால்வரில் ஒருவர் திரையின் முன் உட்கார்ந்திருந்தவர் என்றால் அவரை எழுப்பிச் சுற்றுக்கு அனுப்பலாம். அதுதான் இந்தத் தொழில்நுட்பத்தால் கிடைக்கும் உண்மையான ஆதாயம். 1948இல் நார்மன் மேக்வொர்த் என்ற பிரித்தானிய உளவியலாளர், ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போரின் கவனத்தை ஆராய்ந்தபோது, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் குறையத் தொடங்குவதைக் கண்டார். நாமோ பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் பதினாறு கட்டம் போட்ட திரையை ஒருவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறோம். அசையாத திரையைச் சலிக்காமல் பார்ப்பது இயந்திரத்துக்கு ஏற்ற வேலை. எழுந்து போய்ப் பார்ப்பதும், வந்தவர் வழி தவறியவரா களவுக்கு வந்தவரா என்று தீர்மானிப்பதும் மனிதரின் வேலை.

எந்தக் கேமராவிடம் எதைக் கேட்கலாம்

கேமராவின் விளம்பரத்தில் முகம் காணும், எண் படிக்கும், ஆளை எண்ணும் என்றெல்லாம் எழுதியிருக்கும். அவை யாவும் படத்தில் எத்தனை படப்புள்ளிகள் (பிக்சல்) விழுகின்றன என்பதைப் பொறுத்தவை. இஎன் 62676-4 என்ற ஐரோப்பியத் தரநிலையின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் இதற்கு ஓர் எளிய அளவு இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 படப்புள்ளிகள் விழுந்தால், அங்கே யாரோ இருக்கிறார் என்று கண்டறியலாம். 125 விழுந்தால், முன்பே அறிந்தவரை இன்னார் என்று சொல்லலாம். 250 விழுந்தால்தான் முன்பின் அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட முடியும். பரவலாக விற்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 படப்புள்ளி அகலம் கொண்டது. வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 77 மீட்டர் அகலமுள்ள காட்சியில் அது ஆள் நடமாட்டத்தைக் காணும், ஆனால் முகத்தை அடையாளம் காட்ட, காட்சியின் அகலம் எட்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். எனவே ஆலையின் நெற்களம் முழுவதையும் ஒரே கேமராவில் அடக்கிவிட்டு, அதே படத்தில் திருடனின் முகத்தையும் தேடுவது நடவாத காரியம். களத்துக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கேட்டில் வைப்பதை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். உச்சியில் வைத்தால் தலைப்பாகையும் தொப்பியும்தான் பதிவாகும்.

சேமிப்புக்கும் இதுபோல் கணக்குப் போடலாம். நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பும் கேமரா ஒரு நாளில் 43 ஜிபிக்குச் சற்று மேல் பதியும். எட்டுக் கேமரா, முப்பது நாள் என்றால் பத்து டிபிக்கு மேல் வேண்டும். விலைப்பட்டியலில் நான்கு டிபி வட்டை எழுதிவிட்டு ஒரு மாதப் பதிவு என்று சொல்கிறவரிடம், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி நம் வட்டாரத்தின் தட்பவெப்பம். இந்தப் பகுதியை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கருவியோடு வரும் குறிப்பேட்டில் இவை இருப்பதில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் மலையின் இடைவெளிகள் வழியாக வரும் காற்று, ராதாபுரம், பணகுடி, வள்ளியூர்ப் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, கேமரா கட்டிய மெல்லிய கம்பத்தையும் ஆட்டும். கம்பம் ஆடினால் படம் முழுவதும் அசையும். அசைவை மட்டும் பார்க்கும் பழைய வகைக் கேமரா ஓயாமல் எச்சரிக்கும். ஆளையும் வண்டியையும் பிரித்தறியும் வகையே வேண்டும், கம்பமும் தடித்ததாக, காரைத் தளத்தில் ஊன்றியதாக இருக்க வேண்டும். கேமராவின் பார்வைக்குள் தொங்கும் காவோலையையும் உடைமரக் கிளையையும் வைகாசிக்குள் வெட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் சூடேறிய தரை இரவிலும் எளிதில் ஆறுவதில்லை. வெப்பத்தைக் கொண்டு ஆளைக் காணும் கேமராவுக்கு, தரையின் சூடும் உடம்பின் சூடும் நெருங்கி வரும்போது ஆளைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும். காற்றாலைக் களங்களிலும் சூரிய மின்களங்களிலும் அவ்வகைக் கேமராவைப் போட நினைப்போர், கோடையில் ஒரு முறை சோதித்துப் பார்த்தபின் வாங்குவது நல்லது.

மழைக்காலம் வேறு கதை. முதல் மழைக்குப் பின் ஈசல் கிளம்பும். அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், ஒரு வாரத்தில் கண்ணாடியின் முன் நூலாம்படை தொங்கும். அந்த ஒரு நூல் விளக்கொளியில் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்து, மென்பொருளைக் குழப்பப் போதுமானது. நீண்ட கழியில் மென்மையான துடைப்பத்தைக் கட்டி, வாரம் ஒரு முறை எல்லாக் கேமராக்களையும் துடைப்பதைக் காவலரின் பணிப்பட்டியலில் எழுதிச் சேருங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு நல்ல எர்த்தும் மின்னழுத்தத் தடுப்பானும் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, தரைத்தளத்து அறையில் மேசைக்கடியில் வைத்த பதிவுப் பெட்டிகள் தண்ணீருக்குள் போயின. மின்சாரமும் இணையமும் நின்றதால், கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் அமைப்புகள் ஊமையாகிவிட்டன. அந்த இரவுகளில் காவல் காத்தவை டார்ச்சும் விசிலும்தான். பதிவுப் பெட்டியை மாடியில் வையுங்கள். இணையம் போனாலும் அந்த இடத்திலேயே ஒலிக்கும் சைரன் ஒன்று இருக்கட்டும். யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை மின்சாரத்தை நிறுத்தியே சோதியுங்கள்.

இரண்டு வாரம் வாய்மூடி வேலை செய்யட்டும்

கருவியைப் பொருத்திய அன்றே காவலரின் கைப்பேசியோடு இணைத்துவிடுவதுதான் கங்கைகொண்டானில் நாங்கள் செய்த பிழை. முதல் இரண்டு வாரம் எச்சரிக்கைகள் சூப்பர்வைசருக்கு மட்டும் வரட்டும். அவர் ஒரு நோட்டில் நேரம், கேமரா எண், கருவி சொன்னது, உண்மையில் இருந்தது ஆகியவற்றை நாள்தோறும் எழுதட்டும். ஒரு வாரத்திலேயே வடிவம் புலப்பட்டுவிடும்: மூன்றாம் கேமராவில் விடியற்காலையில் பால்காரர், ஏழாம் கேமராவில் நாய், பின்சுவரில் மயில். பிறகு எச்சரிக்கைக்குரிய பரப்பைச் சுவரின் உட்பக்கமாகச் சுருக்கலாம், நேரத்தை வரையறுக்கலாம், ஆளின் உருவம் இத்தனை நொடி தெரிந்தால்தான் எச்சரிக்க வேண்டும் என்று அமைக்கலாம். ஓரிரவில் ஒரு காவலருக்கு ஆறு எச்சரிக்கைக்கு மேல் போனால் ஏழாவதை அவர் பார்க்கமாட்டார் என்பது என் அனுபவக் கணக்கு. அந்த அளவுக்குள் வரும்வரை இணைக்காதீர்கள்.

அதே இரண்டு வாரத்தில் எதிர்ச் சோதனையும் செய்ய வேண்டும். பொய்யாக எச்சரிப்பதைக் குறைக்கக் குறைக்க, உண்மையை விட்டுவிடும் வாய்ப்பு ஏறும். நம் ஆட்களையே வேட்டி கட்டிக்கொண்டு, சேலை உடுத்துக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, சாக்கைத் தலையோடு மூடும் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, தவழ்ந்து, இருவர் ஒட்டி நடந்து என்று பலவிதமாகச் சுவரோரம் போகச் சொல்லி, எது பிடிபடுகிறது, எது தப்புகிறது என்று குறியுங்கள். நிமிர்ந்து நடக்கும் ஆட்களின் படங்களைக் கொண்டு பெரிதும் பழக்கப்பட்ட மென்பொருள், தவழும் ஆளை ஆளாகவே கருதாமல் போகலாம்.

வண்டி எண் படிக்கும் கேமராவை அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் ஆலைகளுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். 2019 ஏப்ரல் முதல் விற்ற வண்டிகளில் ஒரே சீரான உயர்பாதுகாப்பு எண்பலகை இருப்பதால் நெல்லையின் டிஎன் 72ஐயும் தூத்துக்குடியின் டிஎன் 69ஐயும் அது பெரும்பாலும் பிழையின்றிப் படிக்கும். பழைய வண்டிகளின் சித்திர எழுத்துப் பலகைகளிலும் சேறு அப்பிய டிராக்டர்களிலும் தடுமாறும். அவற்றுக்கு ரிஜிஸ்டர் தொடரட்டும்.

முகம் அறியும் வசதியைப் பற்றி

நெல்லை ரத வீதிகளில் தீபாவளிக் கூட்டம் நெருக்கும்போது, பழைய திருடர்களின் படங்களைக் கருவிக்குக் கொடுத்துவிட்டால் வாசலிலேயே பிடித்துவிடலாம் என்று கடைக்காரர்களுக்கு ஆசை காட்டப்படுகிறது. நான் இதற்கு உடன்படுவதில்லை. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் பேரில் ஒருவரைத் தவறாகப் பொருத்தும் கருவி என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நல்ல கருவிதான். நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேர் வரும் கடையில் அது நாள்தோறும் பத்து நிரபராதிகளைத் திருடராகக் காட்டும். உண்மைத் திருடர் மாதத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால், அவர் ஒருவருக்காக முந்நூறு பேர் வாசலில் நிறுத்தப்படுவார்கள். திருமணத்துக்குப் பட்டு எடுக்க மூன்று ஊர் தாண்டி வந்த குடும்பத்தின் முன்னால், ஒரு தாயைக் காவலர் தனியே அழைக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அவமானத்தைக் கடை திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. அடி விழுவதும் கருவிக்கு அன்று, வாசலில் நிற்கும் காவலருக்கு.

இது கற்பனை அச்சமும் அன்று. அமெரிக்காவில் ரைட் எய்ட் என்ற மருந்துக்கடைத் தொடர் இப்படி ஓர் அமைப்பை நடத்தி, ஆயிரக்கணக்கான தவறான பொருத்தங்களுக்கு இடம் கொடுத்தது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியையும் ஊழியர்கள் நிறுத்திச் சோதித்தார்கள். 2023 டிசம்பரில் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், கண்காணிப்புக்கு முகமறியும் வசதியைப் பயன்படுத்த அந்நிறுவனத்துக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. 2018இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டுக்குள் நின்றது. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை ஏறியது. அதன்பின் மென்பொருள்கள் முன்னேறியிருக்கின்றன. ஆயினும் கருத்த மேனியர் நிறைந்த ஊரில் இருக்கும் நாம், நம் மக்களிடமே சோதித்துக் காட்டாத எதையும் நம்பக்கூடாது.

பணியாளர் வருகைப்பதிவுக்கு வேண்டுமானால் முகமறியும் கருவியைப் பயன்படுத்துங்கள். அதற்கும் அவரவர் ஒப்புதல் வாங்குங்கள், மறுப்பவருக்குக் கையெழுத்து ரிஜிஸ்டர் இருக்கட்டும், வேலையை விட்டுப் போனவரின் முகப்பதிவை அழித்துவிடுங்கள்.

காவலரை இதற்குள் கொண்டுவருவது

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005ஆம் ஆண்டினது. உரிமம் இல்லாமல் இத்தொழிலை நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ 25,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று அது சொல்கிறது. மத்திய மாதிரி விதிகளின்படி புதிய காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும். அந்தப் பாடத்தில் தீயணைப்பும் முதலுதவியும் அடையாள அட்டை சரிபார்த்தலும் இருக்கும். கருவியின் எச்சரிக்கையை எப்படி எடைபோடுவது என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் போதும். திரையில் வந்த படத்தை உற்றுப் பார்ப்பது, சந்தேகம் என்றால் ஒலிபெருக்கியில் குரல் கொடுப்பது, தனியாகப் போகாமல் இணை காவலரை எழுப்புவது, போய்ப் பார்த்ததைத் திரும்பி வந்து பதிவது ஆகியவற்றை அவர் பணி பார்க்கும் இடத்திலேயே, இரவிலேயே பழக்குங்கள். 'கருவி பொய் சொன்னது' என்று எழுதவும் அவருக்கு உரிமை வேண்டும்; அந்தக் குறிப்பைக் கொண்டுதான் கருவியைத் திருத்த முடியும்.

அதே கேமராவை வைத்துக் காவலர் எத்தனை முறை கண்ணசந்தார், எத்தனை நிமிடம் தேநீர் குடித்தார் என்று எண்ணிச் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கமும் தொடங்கியிருக்கிறது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கண்ணசருகிறவர் பெரும்பாலும் முந்தைய நாள் டபுள் டியூட்டி பார்த்தவர். அவரை மாற்றிவிட ரிலீவர் அனுப்பாத குறையை அவர் கூலியில் கழிப்பது அறமாகாது. தம்மை வேவு பார்க்கும் கருவிக்குக் காவலர் ஒருநாளும் ஒத்துழைக்கமாட்டார். துண்டைப் போட்டு மூடிவிடுவார்.

டியூட்டிப் பட்டியல் போடும் மென்பொருள் உதவும்தான். ஆனால் பங்குனி உத்திரத்தன்று இந்த வட்டாரத்தில் பாதிப்பேர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள் என்பதும், சித்திரை, வைகாசியில் ஊர்க்கொடை என்னும் கோயில் விழா வரும் என்பதும் அதற்குத் தெரியாது. அந்த நாள்களை ஆண்டுத் தொடக்கத்திலேயே கையால் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.

அறிக்கை எழுதுவதில் உதவி

பேச்சை எழுத்தாக்கியும், எழுத்தைச் செப்பம் செய்தும் தரும் மென்பொருள்கள், எழுதப் படிக்கத் தயங்கும் காவலருக்குப் பெரிய துணை. வடமாநிலங்களிலிருந்து வந்து பணிபுரியும் காவலருக்கு நிலையான அறிவுறுத்தல்களை இந்தியிலோ ஒடியாவிலோ மொழிபெயர்த்துக் கொடுக்கவும் அவை உதவுகின்றன. ஆனால் 'ரெண்டு பேரு செவரு ஏறி வந்தானுவ, விசிலு அடிச்சதும் அந்தானைக்கு ஓடிட்டானுவ' என்று நம்மவர் சொல்வதை அவை அப்படியே விளங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புரியாத இடத்தில் விட்டுவிடாமல், தோன்றியதை இட்டு நிரப்பும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. சொல்லாத நேரமும் காணாத ஆயுதமும் அறிக்கையில் ஏறிவிட்டால் ஒரு நிரபராதியின் வாழ்வே தடம் மாறும். ஆகவே மூலக் குரல்பதிவைக் காத்துக்கொள்ளுங்கள். ஆக்கிய அறிக்கையைக் காவலருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் ஆம் என்ற பிறகே கையெழுத்து வாங்குங்கள். வாடிக்கையாளரின் பெயர், வீட்டு எண், கைப்பேசி எண் ஆகியவற்றை இலவச மென்பொருளில் இடாதீர்கள்.

குரலும் பொய் சொல்லும்

இதே தொழில்நுட்பம் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது. 2024இல் ஹாங்காங்கில், ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் ஊழியர், தம் மேலதிகாரிகளின் போலி உருவங்கள் தோன்றிய காணொளி அழைப்பை நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். நம் கேட்டுக்கு அவ்வளவு பெரிய நாடகம் தேவைப்படாது. இரவு பதினொரு மணிக்கு முதலாளியின் குரலில், 'லாரியை வெளியே விட்டுரு' என்று ஓர் அழைப்பு வந்தால் போதும். இதற்கு மருந்து எளிது: சரக்கு வெளியேறும் எந்த உத்தரவையும் அழைப்பில் மட்டும் ஏற்பதில்லை என்று விதி எழுதுங்கள். காவலர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, ரிஜிஸ்டரில் உள்ள எண்ணுக்குத் தாமே திரும்ப அழைக்க வேண்டும். மாதந்தோறும் மாறும் ஒரு சொல்லையும் கேட்க வேண்டும். உண்மையான முதலாளி எரிச்சலடைந்தாலும் காவலரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்பதை அவரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதிவு நீதிமன்றத்தில் நிற்க

களவு நடந்த மறுநாள் காலையில், திரையைக் கைப்பேசியால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது நம்மிடையே பரவலான வழக்கம். அது சாட்சியத்தைப் பலவீனப்படுத்தும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அந்தச் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்புக்கு ஒரு கைரேகை போன்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய கோப்புக்குக் கைரேகை மாறிவிடும். எனவே பதிவுப் பெட்டியிலிருந்து மூல வடிவிலேயே புதிய பென்டிரைவில் எடுத்து, உடனே ஹாஷ் கணக்கிட்டு, எடுத்தவர், நேரம், கருவியின் வரிசை எண் ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். பெட்டியின் கடிகாரம் உண்மை நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகியிருக்கிறது என்பதையும் குறியுங்கள். பத்து நிமிட விலகலில் ஒரு நல்ல வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

சட்டத்தில் மேலும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. தரவை உரிய பாதுகாப்பின்றி வைத்திருந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. கேமரா இருப்பதையும் எதற்காக என்பதையும் யாரிடம் முறையிடலாம் என்பதையும் தமிழில் எழுதி வாசலில் வையுங்கள். விடுதிகளில் அறை, குளியலறை, உடைமாற்றும் இடம் ஆகியவற்றின் திசைக்கே கேமராவைத் திருப்பக்கூடாது. அத்தகைய தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. கேமராவோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. வாங்கும் கேமராவுக்கு மத்திய அரசு 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கிய பாதுகாப்புச் சோதனைச் சான்று இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

மாதம் ஒரு முறை சுவர் ஏறிப் பார்ப்பது

எல்லாம் அமைந்தபின் மாதத்தில் ஓர் இரவு, உரிமையாளரும் சூப்பர்வைசரும் மட்டும் அறிய, நம்பகமான ஒருவரைச் சுவர் ஏறி உள்ளே வரச் சொல்லுங்கள். காவலருக்கு அவரால் ஆபத்தோ, அவருக்குக் காவலரால் அடியோ நேராதபடி சூப்பர்வைசர் அருகிலேயே மறைந்து நிற்க வேண்டும். கால் தரையில் பட்ட நொடி, எச்சரிக்கை கைப்பேசிக்கு வந்த நொடி, காவலர் பார்த்த நொடி, இருவராக வந்து டார்ச் அடித்த நொடி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்டான் கிடங்கில் களவுக்குப் பின் நாங்கள் செய்த முதல் சோதனையில், கடைசி இரண்டுக்கும் இடையே பதினொரு நிமிடம் ஆயிற்று. காவலர் படத்தை உடனே பார்த்திருந்தார்; பின்கேட்டின் சாவி அலுவலக மேசைக்குள் இருந்தது. மறுநாள் சாவியைக் காவலர் அறையிலேயே முத்திரையிட்ட கண்ணாடிப் பெட்டியில் மாட்டினோம். அடுத்த மாதச் சோதனையில் நான்கு நிமிடம் ஆனது.